பகா எண்ணை ‘முதன்மை எண்’ ஆக்குவது ஏன்?

‘4294967297 ஒரு முதன்மை எண் என்று கணிதவியலர் ஃபெர்மா கருதினார், பின்வந்த கணிதவியலர் ஆய்லர் அதை மறுத்தார்.’ இப்படி எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்? 429 கோடியைத் தாண்டிய அந்த எண்ணுக்கு ஏதோ பெருமை இருந்தது, பிறகு பறிபோனது என்றுதான். நடந்தது வேறு. பகாது, அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது என்று நம்பப்பட்ட எண்ணை 1732-இல் ஆய்லர் பகுத்துக் காட்டினார்: 641 × 6700417.

பகா எண்ணுக்குக் கிரேக்கக் கணிதவியலர் யூக்ளிட் சொன்னது ‘புரோடோஸ்’, லத்தீனில் ‘பிரைமஸ்’, அதிலிருந்து ஆங்கிலத்தில் ‘பிரைம்’. எல்லாவற்றுக்கும் பொருள் ‘முதல்’. மற்ற எண்கள் இவற்றைப் பெருக்கியே பிறப்பதால் அந்தப் பெயர் பொருந்தும். தமிழிலும் ‘முதல்’ என்பதற்கு மூலம் என்ற பொருள் உண்டு. ஆனால் ‘முதன்மை’ என்றதும் அது தலைமையாகிவிடுகிறது.

கேடு ‘முதன்மைக் காரணி’யில் முற்றுகிறது. விபத்துக்கு முதன்மைக் காரணி வேகம் என்று நாள்தோறும் படிக்கிறோம். அதே கண்ணோடு ‘12-இன் முதன்மைக் காரணி எது?’ என்று படிக்கும் மாணவர் 6 என்றோ 12 என்றோ எழுதினால் பிழை அவருடையதா? ‘பகாக் காரணி’ என்று கேட்டுப் பாருங்கள். 6 இன்னும் பகும் என்று சொல்லே தடுக்கும். 2, 3 மட்டும் நிற்கும்.

ஆய்லரின் எண்ணையும் இப்படித்தான் உடைக்க வேண்டும். அதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். அந்த வடிவில் வரும் முதல் ஐந்து பகா எண்கள் 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் மீதி விடும். ஐந்தாவது மீதியின்றி வகுக்கும்.

‘பகா’ புதிதாகக் கட்டிய சொல்லும் அல்ல. பகுபதம், பகாப்பதம் என்று நன்னூல் பிரித்த அதே பிரிப்புதான் பகு எண்ணும் பகா எண்ணும். இலங்கைப் பாடநூல்களில் ‘முதன்மை எண்’ வேரூன்றிவிட்டது. அங்கே வரையறையோடு சேர்த்துப் படிப்பதால் குழப்பம் குறைவு. பள்ளியில் பகா எண் படித்த தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதுபவர்களும் ‘பிரைம்’ என்பதற்கு அகராதி தரும் முதல் பொருளை அப்படியே எடுத்து வைப்பதுதான் பொறுக்க முடியாதது. சிலர் ‘பிரதான எண்’ வரை போய்விடுகிறார்கள்.

‘பகா’வுக்கும் ஒரு குறை உண்டு: 1-உம் பகாதுதான், ஆனால் அது பகா எண் இல்லை. ஆகவே ‘1-ஐவிடப் பெரிய’ என்பதை வரையறையில் சொல்லியே ஆக வேண்டும். ‘முதன்மை’யோ 1-ஐ இன்னும் வலுவாக உள்ளே இழுக்கும், எண்களில் முதலாவது அதுதானே.