ஜீப்பைத் தூக்கினால் எது உயர்கிறது?

கீரிப்பாறையிலிருந்து மாறாமலைக்கு ஏறும் எஸ்டேட் பாதையில் என் மச்சினனின் பழைய ஜீப் ஒரு பாறையில் 'டக்'கென்று இடித்து நின்றது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டி எடுத்து வந்திருந்தான். "இவ்வளவு உயரமா நிக்கு, பொறவு எப்படி அத்தான் இடிக்கும்?" என்று கேட்டான்.

குனிந்து பார்த்தேன். பின் அச்சின் நடுவே புடைத்திருக்கும், இன்ஜினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையின் அடியில் பெயின்ட் உரிந்து புதுக் கீறல் பளபளத்தது. வீட்டுக்கு வந்ததும் டேப் வைத்து அளந்தோம். தரையிலிருந்து உருண்டையின் அடி வரை 20 சென்டிமீட்டர். பக்கத்து வீட்டில் நின்ற, தூக்காத அதே மாதிரி ஜீப்பிலும் 20தான்.

காரணம் எளிது. வண்டியின் எடை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டியைத் தூக்கப் பொருத்தும் லிஃப்ட் கிட் உயர்த்துவது ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதை மட்டும்: சேஸிஸ், பாடி, இன்ஜின். இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் ஒற்றை அச்சும் அதிலுள்ள டிஃபரன்ஷியலும் ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடு சேர்ந்தவை. அவற்றை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி, அதிலும் பாதிதான் கிடைக்கும். 28 அங்குல டயரை 30 ஆக்கினால் அச்சு ஓர் அங்குலம் உயரும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் வண்டி 64-இல் போகும். 2020-க்குப் பிந்தைய தார் போன்ற வண்டிகளில் கதை கொஞ்சம் வேறு. முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்திருப்பதால் அதுவும் உயரும், பின் அச்சு உயராது.

அப்படியானால் தூக்குவது வீணா? இல்லை. மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிறு தட்டாமல் இருக்க அது உதவும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர், வயிற்றுக்குக் கீழே 20 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 19 டிகிரி மேட்டைத் தாண்டலாம். வயிறு 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 23 டிகிரிக்கு மேல் போகும். பெரிய டயர் உரசாமல் சுழலவும் இடம் கிடைக்கும். இரண்டு பருவமழையும் அரித்துவிடும் நம் மலைப் பாதைகளில் இது பெரிய விஷயம்.

உயரத்தை எப்படிப் பெறுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். மச்சினன் வண்டியின் ஸ்பிரிங், வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது. அந்தப் பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் என்ற இணைப்புத் துண்டை நீளமாக்கியிருந்தார்கள். மலிவான வழி. பட்டையின் ஒரு முனை மட்டும் விலகுவதால், ஷாக்கிள் நான்கு அங்குலம் நீண்டால் வண்டி இரண்டு அங்குலம்தான் உயரும். கூடவே அச்சு உட்கார்ந்திருக்கும் கோணமும் லேசாகச் சுழன்றுவிடும்.

அந்தச் சுழற்சியை அவன் ஏற்கெனவே உடம்பால் உணர்ந்திருக்கிறான். 50-ஐத் தாண்டினால் வண்டியின் தரை அதிர்கிறது என்றான். இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் எனப்படும் மூட்டு உண்டு. கோணத்தில் வளைந்த கிராஸ் சீராகச் சுழலாது. உள்ளே வருவது ஒரே வேகம் என்றாலும், வெளியே போவது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழுமாக ஒன்றரை சதவீதம், 25 டிகிரியில் சுமார் 10 சதவீதம். இரண்டு கிராஸ்களின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஆட்டத்தை மற்றது அழித்துவிடும். அச்சு சுழன்றதும் அந்தச் சமம் கெட்டது. முன்பக்கம் இதே சுழற்சி, ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணத்தைக் குறைத்திருந்தது. வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பவில்லை.

சரி, வேறு வழி என்ன? ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகலாம். உயரம் வரும், ஆனால் ஸ்பிரிங் விறைக்கும். காலியாகப் போகும்போது ஒவ்வொரு கல்லும் முதுகில் இடிக்கும், சக்கரம் குழிக்குள் இறங்காமல் தொங்கும். பிடிப்பு போவது அங்கேதான். என் மனசுக்குச் சரியென்று படுவது, வளைவு கூடிய முழுப் பட்டைக் கட்டும் அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பரும். ஷாக் பழைய நீளத்திலேயே இருந்தால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்குக்கு முன்பே ஷாக் முழுவதுமாக இழுபட்டுப் பிய்ந்துவிடும்.

அடுத்துப் போன ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் உயரத்தைக் கேட்கவே இல்லை. "எத்தனை பேரு ஏறுவாங்க, எவ்வளவு ரப்பர் ஷீட் ஏத்துவீங்க?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஸ்பிரிங்கின் பலம் எடையைப் பொறுத்தது.

ஒன்றைப் பயத்தோடு சொல்கிறேன். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி 65 சென்டிமீட்டர், எடை மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்றால், கணக்குப்படி வண்டி 45 டிகிரி சரிவில் கவிழும். மையம் 5 சென்டிமீட்டர் ஏறினால் 43. டயரும் ஸ்பிரிங்கும் அமுங்குவதால் நிஜத்தில் இன்னும் முன்னாடியே கவிழும். முப்பந்தல் பக்கம் ஆடிக்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது உயர்ந்த வண்டி இழுபடுவது கையில் தெரியும். அதனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்பேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ம், ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

மச்சினன் பழைய ஷாக்கிளையே திரும்பப் போட்டு, பட்டைக் கட்டை மாற்றி, டயரை ஒரு அளவு கூட்டினான். உருண்டையின் அடி இப்போது 22 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிரேக் ஹோஸ் நீளத்தையும் ஹெட்லைட் சாய்வையும் பார்த்தாயிற்று. புதுப் பட்டைகள் படியப் படிய, அவற்றை அச்சோடு இறுக்கும் யு போல்ட் தளரும் என்பதால், 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.