'எனார்மிட்டி' என்றால் பிரம்மாண்டம் அல்ல

படுகொலை ஒன்றில் குடும்பத்தையே பறிகொடுத்தவரின் வாக்குமூலம், ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்யப்பட்டு என்னிடம் சரிபார்ப்புக்கு வந்தது. தங்களுக்கு இழைக்கப்பட்டதன் 'எனார்மிட்டி'யை (enormity) உலகம் இன்னும் உணரவில்லை என்கிறார் அவர். தமிழில் அது 'நடந்த சம்பவத்தின் பிரம்மாண்டம்' என்று வந்திருந்தது. பிரம்மாண்டம்! வியந்து பாராட்டும்போது சொல்கிற சொல்லைக் கொண்டுபோய், பிள்ளைகளைப் புதைத்தவர் வாயில் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதுதான் என் தொழில். இதே பிழையை அடித்து அடித்து எழுதிச் சலித்துவிட்டது.

பிழை எப்படி வருகிறது என்பது தெரிகிறது. 'எனார்மஸ்' (enormous) என்றால் மிகப் பெரிய. 'கியூரியஸ்' என்பதிலிருந்து 'கியூரியாசிட்டி', 'ஜெனரஸ்' என்பதிலிருந்து 'ஜெனராசிட்டி' வருகிறதே, அப்படியானால் 'எனார்மிட்டி' என்றால் பெரிய அளவுதானே என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. இலக்கணப்படி நியாயமான கணக்குதான். ஆனால் இந்த இரண்டு சொற்களும் ஒரே வீட்டில் பிறந்து, வேறு வேறு வழியில் போனவை.

லத்தீனில் 'நார்மா' என்பது தச்சர் கையிலிருக்கும் மூலைமட்டம். மரம் நேர்கோணத்தில் நிற்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். வடிவியலில் செங்குத்துக் கோட்டை இன்றும் 'நார்மல்' என்பது அதனால்தான். மட்டத்துக்கு அடங்காமல் வெளியே போனது 'எனார்மிஸ்'. ஆக, மூலத்தில் முதலில் இருந்தது மீறல். பருமன் பிறகு வந்தது. 1667இல் வெளியான 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் ஆங்கிலக் கவிஞர் மில்டன் ஏதேன் தோட்டத்தின் இன்பத்தை 'எனார்மஸ்' என்கிறார். விதிக்கும் கலைக்கும் மிஞ்சிய இன்பம் என்பது அங்கே பொருள். காலப்போக்கில் 'எனார்மஸ்' அளவின் பக்கம் சாய்ந்துவிட்டது. 'எனார்மிட்டி' மீறலிலேயே, அதுவும் அறம் மீறிய கொடுமையிலேயே, ஊன்றி நின்றது.

நம்மிடமே இதற்கு அச்சு அசலான சோடி இருக்கிறது. கிரமம் தப்பியது அக்கிரமம். நியாயம் தப்பியது அநியாயம். அதே அநியாயம்தான் 'அநியாயத்துக்கு உயரமா இருக்கான்' என்னும்போது வெறும் அளவாகிவிடுகிறது. அதற்காக 'அநியாயம் நடந்தது' என்பதை 'உயரமாக நடந்தது' என்று யாராவது படிப்போமா?

அகராதியில் அளவுப் பொருளும் இருக்கிறதே என்று உடனே பதில் வரும். இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்தச் சொல்லாட்சி வந்துவிட்டது. 2008 நவம்பர் 4 இரவு, அமெரிக்க அதிபர் தேர்தல் வெற்றி உரையில் ஒபாமா எதிரே காத்திருக்கும் பணியின் 'எனார்மிட்டி' என்றார்; மலைக்க வைக்கும் பாரம் என்று அங்கே எவரும் புரிந்துகொள்வார்கள். அதைத் தப்பு என்று நான் அடிக்கமாட்டேன். ஆனால் குற்றம், படுகொலை, துரோகம், இழைக்கப்பட்ட தீங்கு இவற்றில் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அளவுப் பொருளை நினைத்தே பார்க்காதீர்கள். 'கொடூரம்', 'கொடுமையின் ஆழம்' என்று எழுதுங்கள். சில இடங்களில் 'மாபாதகம்' என்பதே சரியாக உட்காரும். கணினி தரும் முதல் சொல்லை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். முழு வாக்கியத்தையும் படியுங்கள், யார் பேசுகிறார் என்று பாருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும் ஒன்று. ஓய்வுபெறுகிறவருக்குப் பாராட்டு மடலில் 'உங்கள் சேவையின் எனார்மிட்டி' என்று தயவுசெய்து எழுத வேண்டாம். சொல்லறிந்த ஒருவர் படித்தால், அவர் செய்த அட்டூழியத்துக்கு நன்றி சொன்ன மாதிரி ஆகிவிடும். அளவைச் சொல்ல 'மேக்னிட்யூட்' இருக்கிறது, 'இம்மென்சிட்டி' இருக்கிறது. ஓசை அழகில்லாவிட்டாலும் 'எனார்மஸ்னெஸ்' என்று ஒரு சொல்லும் இருக்கிறது. அந்த வாக்குமூலத்தில் 'பிரம்மாண்டம்' என்பதை அடித்துவிட்டு, 'எங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை எத்தகையது என்பதை' என்று மாற்றி அனுப்பினேன்.