பிரைம் லென்ஸ்: ஒற்றைக்குவிய வில்லை

ஒளிப்படக் கருவிகளைப் பற்றிய பேச்சில் ‘பிரைம் லென்ஸ்’ என்ற தொடர் ஓயாமல் அடிபடுகிறது. குவியத்தொலைவை (காட்சி எவ்வளவு அகலமாக அல்லது குறுகலாகப் படத்தில் அடங்கும் என்பதை முடிவுசெய்யும் அளவை) மாற்றிக்கொள்ள வழியில்லாமல், ஒரே குவியத்தொலைவுக்கென்று செய்யப்பட்ட வில்லை என்பதே அதன் இன்றைய பொருள். 35, 50, 85 மில்லிமீட்டர் என்று ஒற்றை எண்ணால் குறிக்கப்படுபவை பிரைம். 18–55, 70–300 என்று ஓர் எண்ணில் தொடங்கி மற்றோர் எண்ணில் முடிபவை ஜூம். வரையறை இவ்வளவு எளியதாக இருந்தும், ‘பிரைம்’ என்ற சொல்லுக்கு முதல்தரமானது என்ற பொருளும் உண்டு என்பதால், இது தேர்ந்த கலைஞர்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையுயர்ந்த பொருள் என்று புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. பெரும்பாலான கேமரா நிறுவனங்களின் பட்டியலில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் வில்லைகளுள் ஒன்று 50 மி.மீ. எஃப்/1.8 என்னும் பிரைம் வில்லைதான். அது மலிவாக இருப்பதற்கும், ஜூமைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விடுவதற்கும் காரணம் ஒன்றே என்பதால், இச்சொல்லை விளக்கப் புகுந்தால் அந்தக் காரணத்தையும் சேர்த்தே விளக்க வேண்டியிருக்கிறது.

‘பிரைம்’ என்பது முதலாவது என்று பொருள்படும் ‘ப்ரீமுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒளியியலிலும் திரைப்படத் தொழிலிலும் அது முதலில் தரத்தைச் சுட்டவில்லை, வரிசையைச் சுட்டியது. முதன்மையான வில்லை ஒன்றின் முன்னாலோ பின்னாலோ அண்மைக் காட்சிக்கான துணைவில்லை, தொலைவைக் கூட்டும் இணைப்பு, அகலத்திரைக்கான இணைப்பு ஆகியவற்றைப் பொருத்தும் வழக்கம் இருந்தது. அவ்வாறு பொருத்தப்படும் துணைகளிலிருந்து வேறுபடுத்தி, அடிப்படையான வில்லையைப் ‘பிரைம்’ என்றார்கள். இந்தப் பழைய பொருளில் ஜூம் வில்லைகூட ஓர் இணைப்புக்குப் பிரைமாக இருக்க முடியும். ஜூம் பரவலான பிறகு, அதற்கு எதிர்ச்சொல் ஒன்று தேவைப்பட்டபோது இச்சொல் இடம்மாறி, குவியத்தொலைவு மாறாதது என்ற பொருளில் நிலைத்துவிட்டது. சொல்லுக்குள் அந்தப் பொருள் எங்கும் இல்லை என்பதுதான் மொழிபெயர்ப்பவர்களுக்கு வரும் இடர்ப்பாட்டின் வேர்.

‘ஜூம்’ விரைந்து செல்லும் ஓசையைக் குறித்த ஒலிக்குறிப்புச் சொல். வானூர்தி சட்டென்று செங்குத்தாக மேலெழுவதையும் அது குறித்தது. காட்சி நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் தோன்றியதால் வில்லைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. 35 மி.மீ. அகலப் படச்சுருளைப் பயன்படுத்தும் ஒளிப்படக் கேமராவுக்கான முதல் ஜூம் வில்லை, ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் 1959இல் வெளியிட்ட 36–82 மி.மீ. ஜூமார் ஆகும். தொலைவில் உள்ளதைப் பெரிதாக்குவது ஜூம் என்று பலர் கருதுவது சரியன்று. 12–24 மி.மீ. வில்லையும் ஜூம்தான், அது எந்தத் தொலைவுப் பொருளையும் அருகில் கொண்டுவருவதில்லை.

இனி, ஒளி. ஒரு வில்லையின் குவியத்தொலைவை, அதில் ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். 50 மி.மீ. வில்லைக்கு எஃப்/1.8 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ. கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. ஜூம், தன் நீண்ட முனையில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது; அதே குவியத்தொலைவுக்கு அதன் துளை 9 அல்லது 10 மி.மீ. அளவே இருக்கும். ஒளியின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே எஃப்/1.8க்கும் எஃப்/5.6க்கும் உள்ள வேறுபாடு, எண்களைப் பார்க்கையில் தோன்றும் மூன்று மடங்கு அன்று. ஏறக்குறைய பத்து மடங்கு. ஜூமில் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டிய ஷட்டர், பிரைமில் நூற்றைம்பதில் ஒரு பங்கு திறந்தாலே போதும். முன்னதில் தலையைத் திருப்பும் குழந்தையின் முகம் கலங்கிப்போகும். பின்னதில் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். ஷட்டரை மாற்றாமல் வைத்துக்கொண்டால், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 6400 தேவைப்படும் அறையில் 640 அளவிலேயே படமெடுத்துவிடலாம். நிழற்பகுதிகளில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் அந்த அளவுக்குக் குறைகிறது. இன்றைய ஜூம்களில் உள்ள அதிர்வுத்தடுப்பு இந்தக் குறையை ஈடுசெய்துவிடுமே என்று கேட்கலாம். அது கேமராவைப் பிடித்திருப்பவரின் கை நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யும். எதிரே இருப்பவரின் அசைவின் மீது அதற்கு எந்த அதிகாரமும் இல்லை.

இத்தகைய வில்லையை ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்று அழைப்பதன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. வில்லையில் எதுவும் வேகமாக இயங்குவதில்லை. ஷட்டரை வேகமாக இயக்க அது இடம்கொடுக்கிறது, அவ்வளவே. ‘வேகமான லென்ஸ்’ என்று அப்படியே தமிழாக்கியவர்களின் எழுத்தைப் படித்துவிட்டு, தானியங்கிக் குவிப்பு (ஆட்டோஃபோகஸ்) விரைவாக நடக்கும் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. மலிவான பிரைம் வில்லைகள் சிலவற்றில் குவிப்புக்கான மோட்டார் மந்தமானதாகவும் சத்தமிடுவதாகவும் இருப்பது இதில் உள்ள வேடிக்கை.

துளை பெரிதாவதால் வரும் மற்றொரு பயன் பின்னணியின் மங்கல். ஒருவரின் முகத்தில் குவித்திருக்கும்போது, மிகத் தொலைவில் உள்ள விளக்கு எவ்வளவு பெரிய ஒளிவட்டாகப் படத்தில் விரியும் என்பது துளையின் விட்டத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது; 28 மி.மீ. துளை, 9 மி.மீ. துளையைவிட மூன்று மடங்கு விட்டமுள்ள வட்டைத் தரும். கைப்பேசிப் படங்களில் கணிப்பின் வழியே உருவாக்கப்படும் மங்கல், முடியின் ஓரங்களிலும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பிலும் தடுமாறுவதைக் கண்டவர்களுக்கு, கண்ணாடியே செய்துதரும் இந்த மங்கலின் மதிப்பு விளங்கும்.

இவ்வளவு ஒளியைத் தரும் வில்லை எப்படி மலிவாக இருக்க முடியும்? விடை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. கணித மேதை கார்ல் ஃபிரீட்ரிக் காஸ் 1817இல் தொலைநோக்கிக்கென்று ஒரு வில்லையமைப்பை முன்வைத்தார். அத்தகைய இரண்டை முதுகோடு முதுகாக வைத்தால் ஒளிப்படத்திற்கு ஏற்றதாகும் என்று அமெரிக்கத் தொலைநோக்கி வடிவமைப்பாளர் ஆல்வன் கிரஹாம் கிளார்க் 1888இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் ட்சைஸ் ஒளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ருடால்ஃப் 1896இல் அதை ஆறு கண்ணாடிகளாக வளர்த்து ‘பிளானார்’ என்று பெயரிட்டார். நடுவில் துளை, அதன் இருபுறமும் ஏறத்தாழ ஒரே வடிவிலான அடுக்குகள் என்ற இந்தச் சமச்சீர், முன்பாதியில் தோன்றும் சில ஒளியியல் பிழைகளைப் பின்பாதியே நீக்கிவிட வழிசெய்தது. ஒரு குறை மட்டும் எஞ்சியது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காட்டு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பிளானாரில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு என்பதால், கால் பங்குக்கு மேற்பட்ட ஒளி இழப்பாகியது, தெறித்த ஒளி படத்தையும் வெளுக்கச் செய்தது. அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சைக் கண்டறிந்த பிறகு அந்தத் தடையும் விலகியது.

இன்று விற்கும் மலிவான 50 மி.மீ. எஃப்/1.8 வில்லைகளுள் பல, அந்த ஆறு கண்ணாடி அமைப்பின் நேரடி வாரிசுகள். கணக்கு எப்போதோ போட்டு முடிக்கப்பட்டுவிட்டது. விலையுயர்ந்த சிறப்புக் கண்ணாடியும் தேவையில்லை. கேனான் 1990இல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப்/1.8 இரண்டாம் பதிப்பு, ஞெகிழி உடலும் ஞெகிழிப் பொருத்துவளையமுமாக 130 கிராம் எடையில் கால் நூற்றாண்டு விற்பனையில் இருந்தது. ஆடி பொருத்திய எஸ்எல்ஆர் கேமராக்களில் இந்தக் குவியத்தொலைவுக்கு மற்றொரு சலுகையும் கிடைத்தது. அவற்றில் ஆடி அசைய இடம் விட வேண்டியிருப்பதால், பொருத்துவளையத்திற்கும் படச்சுருளுக்கும் இடையே கேனானில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. இடைவெளி உண்டு. 24 அல்லது 28 மி.மீ. வில்லை அந்த இடைவெளியைத் தாண்டிக் குவிய வேண்டுமானால் கூடுதல் கண்ணாடிகளைச் சேர்த்து வளைத்துக் கட்ட வேண்டும். 50 மி.மீ. வில்லைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தபோதே 50 மி.மீ. வில்லையைத்தான் தாங்கி வந்தது. 1970களில்கூட எஸ்எல்ஆர் வாங்குபவர்களுக்குக் கேமராவோடு பெரும்பாலும் அதையே கொடுத்தார்கள். இலட்சக்கணக்கில் செய்து பழகிய பொருள் மலிவாவதில் வியப்பில்லை.

ஜூமை வடிவமைப்பவரின் நிலைமை வேறு. கண்ணாடித் தொகுதிகள் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் நகர வேண்டும். அந்த நகர்வின் ஒவ்வொரு நிலையிலும் பிழைகள் கட்டுக்குள் இருக்க வேண்டும். துளையைப் பெரிதாக்கும்போது இப்பிழைகள் மிக விரைவாகப் பெருகுவதால், எடையையும் விலையையும் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது துளையில்தான். பெருந்துளை ஜூம் செய்ய முடியாது என்பதன்று. சிக்மா 2013இல் முழு வீச்சிலும் எஃப்/1.8 தரும் 18–35 மி.மீ. வில்லையை வெளியிட்டது, அதன் வீச்சு இரு மடங்கைக்கூட எட்டவில்லை. கேனான் 2018இல் வெளியிட்ட 28–70 மி.மீ. எஃப்/2 ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. ஒரே குவியத்தொலைவுக்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொண்ட வில்லை, அந்த உழைப்பு முழுவதையும் துளையில் செலவிட முடிகிறது.

பிரைமைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடும் செய்திகளும் உள. எஃப்/1.8இல் முழுவதும் திறந்த நிலையில் மலிவான வில்லைகளின் படம் சற்று மென்மையாகவும் மூலைகள் இருண்டும் இருக்கும்; எஃப்/2.8க்கு மூடினால்தான் கூர்மை கூடும். எஃப்/8இல் முக்காலியின் மேல் வைத்துப் பகலில் நிலக்காட்சி எடுப்பவருக்கு, ஜூமுக்கும் பிரைமுக்கும் இடையிலான வேறுபாடு மிகவும் சுருங்கிவிடும். ஒளியைப் பதிவுசெய்யும் உணரி சிறியதாக உள்ள கேமராவில் 50 மி.மீ. வில்லை 75 அல்லது 80 மி.மீ. போன்ற குறுகிய பார்வையைத் தருவதால், சிறிய அறையில் இரண்டு பேரைச் சேர்த்து எடுப்பதே கடினமாகும். அத்தகைய கேமராவுக்கு 35 மி.மீ. எஃப்/1.8 பொருந்தும் என்பது என் கருத்து. ‘காலால் ஜூம் செய்துகொள்ளலாம்’ என்ற அறிவுரையையும் அப்படியே ஏற்க முடியாது. முன்னால் நடந்து சென்றால் பொருள் பெரிதாவது உண்மையே. ஆனால் அதற்கும் பின்னணிக்கும் உள்ள அளவுவிகிதமும் உடன் மாறிவிடுகிறது. நின்ற இடத்தில் ஜூமைத் திருப்பினால் அது மாறாது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘லென்ஸ்’ இலத்தீனில் இருபுறமும் புடைத்த ஒரு பருப்பின் பெயர். தமிழின் ‘வில்லை’ வட்டமான சிறு தகட்டையும் மாத்திரையையும் குறிப்பது. இரண்டும் வடிவத்தால் அமைந்த பெயர்கள் என்பதால் இணை நன்றாகப் பொருந்துகிறது. ‘ஆடி’ என்று எழுதினால், குழியாடி, குவியாடி என எதிரொளிக்கும் பரப்புக்கு வழங்கும் சொல்லோடு குழம்பும்.

‘பிரைம்’ என்பதற்கு ‘முதன்மை வில்லை’ என்று எழுதுவது பழைய பொருளுக்குச் சரி; இன்றைய பொருளுக்குப் பொருந்தாது. பகா எண்ணின் நினைவில் ‘பகா வில்லை’ என்றால் அது வெறும் பிழை. ‘மாறாக்குவிய வில்லை’ பொருளளவில் குற்றமற்றது. ஆனால் ஜூமை ‘மாறுகுவிய வில்லை’ என்று சொல்லும்போது எதிரெதிரான இரண்டு பெயர்களும் ஒரே ஓசையுடன் ஒலித்து, பேச்சில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். ‘நிலைக்குவிய வில்லை’ பலருக்கும் முதலில் தோன்றும் சொல். ஆயினும் குவிப்பையே மாற்ற முடியாத எளிய பெட்டிக் கேமராக்களின் வில்லையைத்தான் அது இயல்பாகச் சுட்டும். பிரைமில் குவிப்பு மாறும், குவியத்தொலைவுதான் மாறாது.

ஜெர்மானியர் இதை நிலைத்த குவியத்தொலைவு என்ற பொருள்பட ‘ஃபெஸ்ட்பிரென்வைட்டெ’ என்கிறார்கள். ஜப்பானியர் ‘தான்ஷோதென்’, அதாவது ஒற்றைக் குவியம், என்கிறார்கள். ஜப்பானிய வழி தமிழுக்கு இசைவானது. தொலைவுக்கும் வாசிப்புக்கும் இரண்டு வலிமைகள் கொண்ட மூக்குக்கண்ணாடியை ‘இருகுவியக் கண்ணாடி’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். அங்கே ‘குவியம்’ குவியத்தொலைவையே எண்ணிக் காட்டுகிறது. அந்த வரிசையில் பிரைமை ‘ஒற்றைக்குவிய வில்லை’ என்றும் ஜூமை ‘மாறுகுவிய வில்லை’ என்றும் எழுதலாம். ‘ஃபாஸ்ட்’ என்பதற்கு ‘ஒளிமிகு வில்லை’ என்பதும் தகும்; ஒளியோடு மங்கலும் துளையாலேயே வருவதால் ‘பெருந்துளை வில்லை’ என்பதை நான் விரும்புகிறேன். ஒற்றைக்குவியம், பெருந்துளை இரண்டையும் சேர்த்து, ‘50 மி.மீ. ஒற்றைக்குவியப் பெருந்துளை வில்லை’ என்று எழுதினால் விலைப்பட்டியலுக்குக்கூடப் பொருந்தும். பேச்சில் ‘பிரைம்’ தொடர்வதில் எனக்கு மறுப்பில்லை.

நுட்பம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உட்புறத் தொகுதியை மட்டும் நகர்த்திக் குவிக்கும் வில்லைகளில், அண்மைப் பொருளுக்குக் குவிக்கும்போது குவியத்தொலைவு ஓரளவு மாறத்தான் செய்கிறது. முகப்பில் அச்சிட்டிருக்கும் எண் முடிவிலியில் குவித்த நிலைக்கு உரியது. ‘ஒற்றை’ என்பதையும் அந்த நிலைக்கே கொள்ள வேண்டும்.