செய்தி வாசிப்பவரின் குரல் எங்கே கெடுகிறது?

லோக்கல் சேனலில் செய்தி வாசிப்பவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள்: "தினமும் அரை மணி நேரம்தான் மேடம் நியூஸ் வாசிக்கிறேன். அதுக்குப் போய்த் தொண்டை இப்படி ஆகுமா?" ஆகாது. அரை மணி நேர வாசிப்பு மட்டும் யாருடைய தொண்டையையும் கெடுப்பதில்லை. கெடுப்பது அந்த நாளின் மீதி நேரம். இதை அவர்களிடம் தனித்தனியாகச் சொல்லி வருகிறேன். அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு தாமதமான குழந்தைகளும் பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர்களும்தான் என்னிடம் வருபவர்களில் பெரும்பகுதி. குரல் கெட்டு வருபவர்களில் ஆசிரியர்கள் அதிகம். அடுத்து பாடகர்கள், பிரசங்கம் செய்பவர்கள், அப்புறம் கரூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்துக் கேபிள் சேனல்களின் செய்தி வாசிப்பாளர்கள். எண்ணிக்கையில் இவர்கள் குறைவு. ஆனால் மிகவும் தாமதமாக வருபவர்கள் இவர்கள்தான். குரல் கம்மினால் வேறு ஒருவரை உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது.

ஒரு காலத்தில் செய்தி வாசிப்பவரின் வேலை செய்தி வாசிப்பது மட்டும்தான். டெல்லி ஆகாசவாணியில் சரோஜ் நாராயணசுவாமி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ச் செய்தி வாசித்தார்; அந்தக் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்ட வீடுகள் உண்டு. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கி, பின்னாளில் ஷோபனா ரவியைப் போன்றவர்கள் செய்தி வாசித்தபோதும், அமைதியான அறை, நல்ல மைக், முன்கூட்டியே கைக்கு வரும் தாள் என்றுதான் இருந்தது. தொண்ணூறுகளில் கேபிள் டிவி ஊர் ஊராகப் பரவியபோது கேபிள் நடத்துபவர்கள் தங்களுக்கென்று ஒரு சேனலும் வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வராத வார்டு, நகராட்சிக் கூட்டத்தில் வெளிநடப்பு, கோயில் கொடியேற்றம் என்று பெரிய சேனல்கள் தொடாத செய்திகளுக்கு அதுதான் இடம். மாவட்ட மக்களுக்கு அந்தச் சேனல்கள் செய்யும் வேலை பெரியது என்று நான் நினைக்கிறேன். அந்த வேலையின் பாரம் முழுவதும் ஓரிரண்டு தொண்டைகளில் போய் விழுகிறது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் நாளைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காலையில் தனியார் பள்ளியில் நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றிலும் நாற்பது பிள்ளைகள், மைக் கிடையாது. மதியம் ஸ்டுடியோ. வந்தவுடன் விளம்பரங்களுக்கு வாய்ஸ் ஓவர்: ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, புதிதாகத் திறக்கும் ஸ்கேன் சென்டர், கண்ணீர் அஞ்சலி. மூன்றுக்கும் மூன்று விதக் குரல். பிறகு, செய்தியாளர்கள் போனில் அனுப்பியதை ஸ்கிரிப்ட் ஆக்குவது. ஐந்தரைக்குப் பதிவு, ஏழு மணிக்கு ஒளிபரப்பு. ஸ்டுடியோ என்பது கேபிள் ஆபீஸின் மாடி அறை. பின்னால் பச்சைத் துணி, தலைக்கு மேலே ஏசி. பதிவு முடிந்ததும் யூடியூபுக்கும் ஷார்ட்ஸுக்கும் தனித்தனியாகப் பேச வேண்டும். முகூர்த்த நாளில் கல்யாண வரவேற்பைத் தொகுத்து வழங்கப் போய்விடுவார். சேனலில் வாங்கும் சம்பளத்தைவிட அதில் வரும் பணம்தான் வீட்டை நடத்துகிறது. அவர் சொன்ன ஒரு வரி இன்னும் என் காதில் இருக்கிறது: "நியூஸ் வாசிக்கும்போது ஒண்ணும் தெரியல மேடம். வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பேசினாத்தான் குரலே வரமாட்டேங்குது."

சரி, உள்ளே என்ன நடக்கிறது? குரல்வளையில் இரண்டு குரல்நாண்கள். பேசும்போது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. பெண் குரலில் நொடிக்குச் சுமார் 200 தடவை, ஆண் குரலில் 100 முதல் 120 தடவை. அரை மணி புல்லட்டினில் பாதி நேரம்தான் குரல் ஒலித்தது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பெண்ணின் குரல்நாண்கள் 1,80,000 முறை மோதியிருக்கும். மெதுவாக மோதினால் அதைத் தாங்கும் உறுப்புதான் அது. இறுக்கி, அழுத்தி, ஓய்வில்லாமல் மோதும்போது மோதுகிற இடத்தில் வீங்குகிறது. வீக்கம் வற்றுவதற்குள் மறுபடி மோதினால், கடப்பாரை பிடிப்பவரின் உள்ளங்கை காய்த்துப்போவது மாதிரி இரண்டு பக்கமும் தடித்துவிடுகிறது. இதைத்தான் குரல்நாண் முடிச்சு என்கிறோம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. அந்தப் பெண்ணுக்கும் அதுதான். பள்ளி, வாய்ஸ் ஓவர், கல்யாண மேடை எல்லாம் சேர்ந்து கெடுத்ததை, அவர் முழுக் கவனத்தோடு வாசித்த அரை மணி நேரம் வெளியே காட்டாமல் மறைத்துவிட்டது.

செய்தி வாசிப்பிலேயே கெடுக்கிற ஒன்று உண்டு என்றால், அது ஸ்கிரிப்டின் நீளம். இதைப் பாருங்கள்: "மாவட்டம் முழுவதும் கடந்த மூன்று நாட்களாகப் பெய்துவரும் தொடர்மழையால் தாழ்வான பகுதிகளில் தேங்கியுள்ள நீரை மோட்டார் மூலம் வெளியேற்றும் பணியில் மாநகராட்சி ஊழியர்கள் ஈடுபட்டு வருவதாக ஆணையர் தெரிவித்துள்ளார்." வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதற்கு முன் நிறுத்தினால் வாக்கியம் அறுந்ததுபோல் கேட்கும் என்று வாசிப்பவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். 'ஆணையர்' வரும்போது நுரையீரல் காலி. 'தெரிவித்துள்ளார்' மூச்சில் வருவதில்லை, தொண்டையை நெரித்து வருகிறது. ஒரு புல்லட்டினில் எத்தனை 'தெரிவித்துள்ளார்', எத்தனை 'வலியுறுத்தினர்' என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை தடவையும் அந்த நெரிப்பு. நான் சிகிச்சையில் முதலில் கேட்பதே அன்றைய ஸ்கிரிப்ட் தாளைத்தான். மூச்சு எடுக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே வாக்கியத்தை உடைக்கச் சொல்வேன். "மூன்று நாட்களாகத் தொடர்மழை பெய்து வருகிறது. தாழ்வான பகுதிகளில் நீர் தேங்கியுள்ளது. அதை மோட்டார் வைத்து வெளியேற்றி வருவதாக மாநகராட்சி ஆணையர் தெரிவித்துள்ளார்." செய்தி குறையவில்லை, கேட்பவருக்கும் புரிகிறது, குரல்நாணும் பிழைக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதும் உதவி ஆசிரியர்கள் இதை மட்டும் செய்தால்கூட எனக்குப் பாதி வேலை குறையும்.

இன்னொன்று, 'செய்திக் குரல்' என்று சிலர் வரவழைத்துக்கொள்வது. கனமாக இருந்தால் நம்புவார்கள் என்று தங்கள் இயல்பான சுருதியைவிடக் கீழே இறக்கி, கழுத்தை இறுக்கி வாசிக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களை அப்படி வாசிக்கச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். உங்கள் குரல் எந்தச் சுருதியில் சிரமமின்றி வருகிறதோ அதிலேயே வாசியுங்கள். நிதானமும் உச்சரிப்பும் நம்பிக்கையைத் தரும், கட்டைக் குரல் தராது.

ஸ்டுடியோவுக்கு வெளியே போனால் நிலைமை மோசம். ஜனவரி பிறந்ததும் தச்சங்குறிச்சியில் தொடங்கும் ஜல்லிக்கட்டு, வைகுண்ட ஏகாதசிக்கு விடிவதற்குள் ஸ்ரீரங்கம் சொர்க்கவாசல், சித்திரையில் சமயபுரம் தேர் என்று நேரலைகள். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் 1911-லேயே இதை எழுதி வைத்தார். கையில் மைக் இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் மைக் உங்கள் குரலை நேயருக்குக் கொண்டுபோகிறதே தவிர உங்கள் காதுக்குக் கொண்டுவருவதில்லை. இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினால் இன்னும் கத்துவீர்கள். ஒரு காதைத் திறந்து வைக்கலாம், இல்லையென்றால் உங்கள் குரலையே சன்னமாக இயர்போனில் கேட்கும்படி ஆடியோ பார்ப்பவரிடம் சொல்லலாம். மைக்கை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்து, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

2022 பிப்ரவரி 22, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. வார்டு வார்டாக முடிவு சொல்ல லோக்கல் சேனலைவிட ஊரில் யாருக்கு அவசரம்? காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து இரவு வரை ஒரே ஆள் பேசிய சேனல்கள் உண்டு. மறுநாள் குரலே எழும்பாமல் வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வரும் சந்தேகம் குரல்நாணில் ரத்தக்கசிவு. சளி பிடித்திருக்கும்போது கத்தினால், அதுவும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிட்டிருந்தால், அந்த ஆபத்து கூடுதல். பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குரல் போனால் அந்த நொடியில் நிறுத்த வேண்டும். அன்றோ மறுநாளோ ஈ.என்.டி. டாக்டரைப் பார்க்க வேண்டும். கிசுகிசுத்துச் சமாளிப்பது ஓய்வு ஆகாது. கிசுகிசுக்கும்போது பலர் தொண்டையை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டுக் குரலைத் திறந்து விடுங்க, சாயங்காலம் ப்ரோக்ராம் இருக்கு" என்று டாக்டரிடம் நிற்பவர்களையும் பார்க்கிறேன். ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைத் தற்காலிகமாக வற்ற வைக்கும். காயத்தை ஆற்றாது. காயத்தின் மேலேயே நீங்கள் மூன்று மணி நேரம் பேசிவிடுவீர்கள்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. சுக்குக் காபி, மிளகுப் பால், அதிமதுரம், பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதம். குடியுங்கள், தவறில்லை. ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். தண்ணீர் உடம்பில் சேர்ந்து ரத்தத்தின் வழியாகத்தான் அங்கே ஈரம் தரும். அதனால் மைக் முன் உட்கார்ந்தபின் ஒரு பாட்டிலைக் காலி செய்வதில் பயனில்லை, காலையிலிருந்தே குடித்து வர வேண்டும். ஆவி பிடிப்பது நேரடியாக ஈரப்படுத்தும். காரமான மெந்தால் மிட்டாய்கள் தொண்டையை மரக்க வைப்பதால் வலி தெரியாமல் இன்னும் கத்துவீர்கள். செருமுவதை விடுங்கள், ஒவ்வொரு செருமலும் குரல்நாண்களை அறைந்து மோத வைக்கிறது. செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்குங்கள். புல்லட்டின் முடித்து இரவு பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுப்பவர்களுக்கு, வயிற்று அமிலம் மேலே ஏறிக் காலையில் குரல் கரகரக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும்.

வாசிப்புக்கு முன் செய்ய ஒரு பயிற்சி. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரல்கடை ஆழத்துக்கு விட்டு, 'ஊ' என்ற ஒலியோடு ஊதுங்கள். குமிழ்கள் சீராக வர வேண்டும். பிறகு அதே ஒலியைக் கீழ்ச் சுருதியிலிருந்து மேலே கொண்டுபோய் இறக்குங்கள். மூன்று நிமிடம் போதும். உதட்டில் ஏற்படும் எதிர் அழுத்தம் குரல்நாண்களை முட்டி மோதாமல் அதிர வைக்கிறது. பேப்பர் ஸ்ட்ரா நனைந்து மடங்கிவிடுகிறது. ஸ்டீல் ஸ்ட்ரா ஒன்றை மேக்கப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

சேனல் நடத்துபவர்களிடம் நான் பேசியவரை, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. குரல் என்பது தேயும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. கேமராவுக்கு உறை வாங்குகிறார்கள், லென்ஸைத் துடைக்கத் தனித் துணி வைத்திருக்கிறார்கள். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பி வைப்பதற்குச் செலவே இல்லை. வாக்கு எண்ணிக்கைக்கும் திருவிழாவுக்கும் இரண்டு பேரை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். போலந்தில் ஆசிரியர்களுக்கு வரும் குரல்நாண் முடிச்சு தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் காது கேளாமை இருக்கிறது, குரல் கேடு இல்லை. ஆகவே, குரல் போன வாசிப்பாளருக்கு அந்த மாதச் சம்பளம் வருமா வராதா என்பது இப்போதைக்கு முதலாளியின் மனதைப் பொறுத்தது. சிகிச்சைக் காலத்தில் அவரை எடிட்டிங்கிலும் ஸ்கிரிப்டிலும் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்த சேனலும் இருக்கிறது. அந்த வாசிப்பாளர் பழைய குரலோடு திரும்பினார்.

முடிச்சு என்றதும் ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான முடிச்சுகள் சில வாரக் குரல் பயிற்சியிலும் பழக்க மாற்றத்திலுமே சரியாகின்றன. நீர்க்கட்டி, பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். எது என்பதைக் குரல்நாணைக் கேமரா வைத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதனால் கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் முதலில் ஈ.என்.டி. டாக்டர், பிறகுதான் நான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவிலேயே இதைப் பார்க்கலாம். புகை, புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்; குரல்நாண் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இந்தக் கரகரப்புதான், அப்போதே பிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

வரும்போது டாக்டரின் ரிப்போர்ட்டோடு, உங்கள் சேனலின் யூடியூப் பக்கத்திலிருந்து ஒரு வருடத்துக்கு முந்தைய புல்லட்டின் ஒன்றையும் போன வார புல்லட்டின் ஒன்றையும் போனில் எடுத்து வாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்போம். எந்த மாதத்தில் குரல் மாறத் தொடங்கியது, அப்போது புதிதாக எந்த வேலை சேர்ந்தது என்று அங்கிருந்து தேடிப் போகலாம்.