வரைபடத்தில் ஆறு மாவட்டங்கள் ஏன் மொட்டையாக நிற்கின்றன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களை இன்றைய தமிழ்நாட்டு வரைபடத்தின் மேல் லேபிளாகப் போட்டுப் பாருங்கள். மாவட்டத்துக்கு நான்கு வரி: பெயர், மக்கள்தொகை, பாலின விகிதம், எழுத்தறிவு. சென்னையின் மேல் 46,46,732 என்று வரும். நீலகிரியின் மேல் 7,35,394. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆகிய ஆறும் மட்டும் மொட்டையாக நிற்கும். மென்பொருளில் கோளாறு ஏதும் இல்லை. கணக்கெடுப்பு நடந்தபோது இருந்த மாவட்டங்கள் 32. முதல் ஐந்தும் 2019-இல் உருவானவை, மயிலாடுதுறை 2020-இல். அட்டவணையில் அவற்றுக்கு வரியே கிடையாது.

டிஜிட்டல் வரைபடத்தில் லேபிள் என்பது படத்தின் மேல் ஒட்டிய எழுத்து அல்ல. கோப்பில் இருப்பவை மாவட்டங்களின் எல்லைக்கோடுகளும், ஒவ்வோர் எல்லைக்கும் ஒரு வரி விவரமும்தான். நாம் திரையை நகர்த்தும்போதெல்லாம், ஜூம் செய்யும்போதெல்லாம், மென்பொருள் அந்த வரியைப் படித்து லேபிளைப் புதிதாக எழுதுகிறது. கணக்கெடுப்பு எண்கள் வேறொரு அட்டவணையில் இருந்தால், இரண்டிலும் பொதுவாக உள்ள ஒரு நெடுவரிசையை வைத்து இணைக்க வேண்டும். மாவட்டப் பெயரை வைத்து இணைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஒரு கோப்பில் ‘விழுப்புரம்’ என்றும் இன்னொன்றில் ‘விழுபுரம்’ என்றும் இருந்தாலே இணைப்பு அறுந்துவிடும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு காலியிடம் கூடப் போதும். கணக்கெடுப்புத் துறை மாவட்டங்களுக்கு எண் கொடுத்திருப்பது இதனால்தான்: 2011-இல் தமிழ்நாட்டுக்கு 33, சென்னைக்கு 603. எண்ணிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 01 என்று தொடங்கும் குறியீட்டை எக்செலில் திறந்தால் அது 1 ஆகிவிடும். பிறகு எதனோடும் சேராது.

இன்னொரு பொறி, கணக்கெடுப்பு அட்டவணையில் ஒரு மாவட்டத்துக்கு மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று மூன்று வரிகள் இருப்பது. சாதாரண இணைப்பு, பொருந்தும் வரிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எடுத்தது ஊரக வரி என்றால், ஊரக மக்கள்தொகை மட்டும் மாவட்டத்தின் தலையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்.

இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்-இல் நான்கு வரி லேபிளை ஒரு சூத்திரமாக எழுதுவார்கள்: பெயர், வரிமுறிப்பு, மக்கள்தொகை, வரிமுறிப்பு என்று துண்டுகளை || குறியால் கோத்துக்கொண்டே போவது. கோக்கும் துண்டுகளில் ஏதேனும் ஒன்று ‘மதிப்பில்லை’ என்றிருந்தால் முழு லேபிளும் மதிப்பில்லை ஆகிவிடும். அந்த ஆறு மாவட்டங்களில் பெயர் கூட வராததற்குக் காரணம் இதுவே. பெயர் எல்லைக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. காலி எண்ணோடு கோத்ததால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. மதிப்பில்லாத இடத்தில் ‘தரவு இல்லை’ என்று எழுதச் சொல்லும் கோயலெஸ் என்ற கட்டளையைப் போட்டால் பெயராவது நிற்கும்.

தமிழில் எழுதினால் நெடுவரிசையை நேராக நிறுத்துவது தனிப் பாடு. எல்லாப் பெயர்களையும் 12 எழுத்து அகலத்துக்கு நிரப்பு என்று கணினியிடம் சொன்னால் அது யூனிக்கோடு குறிகளை, அதாவது எழுத்துகளைக் கணினி சேமித்துவைக்கும் துண்டுகளை, எண்ணும். ‘மக்கள்தொகை’ நமக்கு 6 எழுத்து. அதற்கு 10 குறி. ‘பரப்பு’ நமக்கு 4, அதற்கு 6. இதில் ‘தொ’ ஒன்றே கொம்பும் காலுமாக மூன்றெழுத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிரப்பியபின் நெடுவரிசை பாம்பு போல நெளியும். நான் பரிந்துரைப்பது எளிய வழி: எண்ணை வரியின் கடைசியில் வைத்து, லேபிள் முழுவதையும் வலது பக்கமாகச் சீரமையுங்கள். எண்கள் ஒரே கோட்டில் முடியும், பெயர்கள் எப்படி வேண்டுமானாலும் தொடங்கட்டும்.

எழுத வேண்டியது தயாரான பிறகுதான் நெருக்கடி ஆரம்பிக்கிறது. 1:30,00,000 அளவில் தமிழ்நாடு ஒரு ஏ4 தாளில் அடங்கும். அதில் சுமார் 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இன்றைய சென்னைக்குக் கிடைப்பது பக்கத்துக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரம். 8 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் நான்கு வரிக்கு 13 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் வரைபடக் கலைஞர் எட்வர்ட் இம்ஹோஃப், எழுத்தை எங்கே வைப்பது என்பதற்கு 1962-இலேயே விதிகள் வகுத்தவர். கரையோர ஊரின் பெயரைக் கடலில் எழுது என்பது அவற்றில் ஒன்று. சென்னையின் அட்டவணையை வங்கக் கடலில் வைத்து ஒரு கோடு இழுத்துவிடலாம். நாலாபுறமும் மாவட்டங்கள் சூழ்ந்த பெரம்பலூருக்கு அந்த வசதி இல்லை.

ஒரு லேபிளை நகர்த்தினால் பக்கத்து லேபிள் இடிக்கும், அதை நகர்த்தினால் அதற்கடுத்தது. மாவட்டத்துக்கு நான்கே நான்கு இடங்கள் என்று வைத்தாலும் 38 மாவட்டங்களுக்கு வரும் சேர்க்கைகள் 23 இலக்க எண். நொடிக்கு 100 கோடி சேர்க்கைகளைச் சோதித்தாலும் 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்தச் சிக்கலுக்குப் பொதுவான விரைவு வழி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று 1991-இல் வெளியான கணித நிறுவல்கள் காட்டின. ஆகவே மென்பொருள்கள் சிறந்த விடையைத் தேடுவதில்லை. சுமாரான ஒன்றைப் பிடித்து, இடித்துக்கொள்ளும் லேபிள்களைச் சத்தமில்லாமல் கைவிடுகின்றன.

இப்போது வெற்றிடத்துக்கு இரண்டு காரணங்கள் ஆகிவிட்டன: தரவு இல்லாதது, இடம் இல்லாதது. பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். க்யூஜிஐஎஸ்-இல் இடம் கிடைக்காத லேபிள்களைச் சிவப்பில் காட்டும் பொத்தான் உண்டு; அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறையேனும் அதை அழுத்திப் பார்க்க வேண்டும்.

வெற்றிடமாவது கேள்வி கேட்க வைக்கும். எனக்கு அதிகம் பயம் தருவது நிரம்பிய லேபிள். விழுப்புரத்தின் மேல் 34,58,873 என்று அழகாக வரும். அது கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரத்தின் எண். உட்கார்ந்திருப்பதோ சுருங்கிய எல்லைக்குள். வேலூருக்கும் இதே கதை. சென்னையோ மாறாக 2018-இல் விரிந்தது, எண் மட்டும் பழையது. இணைப்பு எங்கும் அறுபடவில்லை, குறியீடு பொருந்துகிறது, பிழைச் செய்தி கிடையாது. 2011 எண்களுக்கு 2011-இன் எல்லைக் கோப்பையே எடுப்பதுதான் சரியான வழி. அப்போது 32-க்கு 32 பொருந்தும். சென்னை மட்டும் 7 மில்லிமீட்டரிலிருந்து நாலரை மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அதன் அட்டவணையைக் கடலில்தான் வைத்தாக வேண்டும்.