ஊதாவை வாங்கிப் பச்சையைத் தரும் புரதம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஃபிரைடே ஹார்பரில் பிடித்த ஜெல்லி மீன்களிலிருந்து ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்து, 1962இல் அறிவித்த பச்சை ஒளிர் புரதம், இன்று உயிரணுக்களுக்குள் அடையாள விளக்காகப் பயன்படுகிறது. அதற்காக 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இயல்பான வடிவில் இப்புரதம் பெரிதும் உறிஞ்சுவது 395 நானோமீட்டர் ஊதா ஒளியை. வெளியிடுவதோ 508 நானோமீட்டர் பச்சையை. சாதாரணச் சாயங்களில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதில்லை. இடையில் ஒரு புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கரு, இடம் மாறுவதே இதற்குக் காரணம்.

இப்புரதத்தின் 238 அமினோ அமிலங்களும் 11 இழைகள் கொண்ட பீப்பாயாக மடிந்திருக்கின்றன. அதன் நடுவே 65, 66, 67ஆம் இடங்களில் உள்ள செரின், டைரோசின், கிளைசின் ஆகிய மூன்றும் தம்முள் பிணைந்து, ஆக்சிஜனின் துணையோடு நிறமியாகின்றன. இந்த நிறமியைத் தனியே எடுத்து நீரில் கரைத்தால் அது ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. பெற்ற ஆற்றலை முறுக்கிக்கொள்வதிலேயே வெப்பமாக இழந்துவிடுகிறது. பீப்பாய் அதை இறுகப் பிடித்திருப்பதால்தான் ஒளி வெளிவருகிறது.

டைரோசினின் முனையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓர் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. இருட்டில் அது தன் புரோட்டானை விடாமல் வைத்திருக்கும். ஊதா ஒளி பட்டவுடன் எலக்ட்ரான் அடர்த்தி ஆக்சிஜனை விட்டு நிறமியின் மறுபக்கம் நகர்வதால், அத்தொகுதி திடீரென வலிய அமிலமாகிவிடுகிறது. எளிய மூலக்கூறான 2-நாப்தாலில் இந்த மாற்றம் அமில வலிமையைப் பல லட்சம் மடங்கு உயர்த்துகிறது என்றால், ஒளியின் பிடி எத்தகையது என்பது விளங்கும்.

விடுபட்ட புரோட்டானுக்கு வழி முன்பே போடப்பட்டிருக்கிறது: ஒரு நீர் மூலக்கூறு, அடுத்து 205ஆம் செரின், கடைசியில் 222ஆம் குளூட்டமேட். கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும்போது ஒரே கல்தான் கடைசி ஆள்வரை போகும். இங்கோ ஒவ்வொன்றும் தன்னிடமிருந்த புரோட்டானை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு, முன்னிருப்பதிடமிருந்து வேறொன்றைப் பெறுகிறது. எல்லாம் சில பிக்கோ நொடிகளில் முடிந்துவிடும்; ஒரு பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒளிர்வதற்கோ ஏறத்தாழ மூன்று நானோ நொடி, அதாவது மூவாயிரம் பிக்கோ நொடி, அவகாசம் இருப்பதால், புரோட்டானை இழந்த வடிவமே பச்சையாக ஒளிர்கிறது. பிறகு புரோட்டான் திரும்பிவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் பாக்சரின் குழு 1996இல் இதை நேரடியாக அளந்தது. ஒளி பட்டதும், புரோட்டானை இன்னும் இழக்காத வடிவத்தின் மங்கிய நீலம் 460 நானோமீட்டர் அருகே தோன்றி மறைய, அது மறையும் வேகத்திலேயே பச்சை எழுந்தது. ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதைப்போல் இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்தபோது அந்த மாற்றம் ஏறக்குறைய ஐந்து மடங்கு தாமதமாயிற்று. நகர்வது புரோட்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

65ஆம் செரினைத் திரியோனினாக மாற்றினால் 222ஆம் குளூட்டமேட் முன்கூட்டியே புரோட்டானை ஏற்றுக்கொள்கிறது. நிறமி இருட்டிலேயே அதை இழந்து நிற்கிறது. 489 நானோமீட்டர் நீலத்தை நேரே உறிஞ்சுகிறது. நுண்ணோக்கியாளர்களுக்கு இதுவே வசதி.

ஆனால் அந்தப் பெரிய இடைவெளியையே நாடுவோரும் உண்டு. ஜப்பானில் உருவான கெய்மா என்னும் புரதம் 440 நானோமீட்டரை வாங்கி 620 நானோமீட்டர் சிவப்பைத் தருகிறது. அமிலச் சூழலிலோ 586 நானோமீட்டரில் தூண்டத்தக்கதாகிவிடுகிறது. அமிலத்தில் புரோட்டானை இழந்த வடிவம் கூடுவது விந்தைதான். உயிரணுவின் ஆற்றல் உறுப்புகளான மைட்டோகாண்டிரியாவில் இதைப் பொருத்தி, இரு தூண்டல்களின் விகிதத்தை அளந்தால், அவற்றில் எந்த அளவு அமிலம் நிறைந்த செரிமானப் பையான லைசோசோமுக்குள் செரிமானத்திற்குப் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.