ஓடுதுங்க, ஆனா ஸ்கிரீன் வரலீங்க

திருப்பூர் லேபிள் பிரிவானாலும் சரி, ஈரோட்டு மஞ்சள் குடோன் எடைமேடையானாலும் சரி, புகார் ஒன்றேதான். கரண்ட் போய் வந்ததும் யாரும் லாகின் செய்யாமல் மென்பொருள் தானாகக் கிளம்பட்டும் என்று அதை விண்டோஸ் சர்வீஸாகப் போட்டுவிடுகிறார்கள். சர்வீஸ் 'ரன்னிங்' என்று காட்டும். திரையில் ஒன்றும் இருக்காது.

டாஸ்க் மேனேஜரில் 'டீட்டெய்ல்ஸ்' பக்கம் போய், பத்தித் தலைப்பை வலது கிளிக் செய்து 'செஷன் ஐடி'யைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் மென்பொருளுக்கு நேராக 0 இருக்கும். எக்ஸ்ப்ளோரருக்கு 1 அல்லது அதற்கு மேல். செஷன் என்பது விண்டோஸுக்குள் தனித்தனி அறை மாதிரி; ஓர் அறையில் திறக்கும் திரை மற்ற அறையில் தெரியாது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சர்வீஸுக்கு 0ஆம் அறை, லாகின் செய்யும் ஆட்களுக்கு மற்றவை.

"அட்மின் ரைட்ஸ் குடுத்தும் வரலீங்க" என்கிறார்களே, அங்கேதான் எரிச்சல் வருகிறது. சர்வீஸ் வழக்கமாக ஓடும் 'லோக்கல் சிஸ்டம்' கணக்குக்கு அட்மினை விஞ்சிய உரிமை ஏற்கெனவே உண்டுங்க. குறைவது உரிமையில்லை, இருக்கிற இடம் வேறு. தோட்டத்துச் சாளையில் எத்தனை வாட் பல்பு போட்டாலும் ஊருக்குள் இருக்கும் வீட்டுத் திண்ணையில் வெளிச்சம் விழுமா? சர்வீஸ் அமைப்பின் 'லாக் ஆன்' பக்கத்தில் உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் போட்டாலும் அதே 0 தான். ஆன்டிவைரஸை அணைத்தாலும் 0, ஃபார்மட் அடித்தாலும் 0. (ஃபார்மட்டுக்குக் காசு வாங்குகிறவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.) அதே பக்கத்தில் 'அலவ் சர்வீஸ் டு இன்டராக்ட் வித் டெஸ்க்டாப்' என்ற டிக் பெட்டி இன்னும் இருக்கிறது. டிக் அடித்தால் 0இன் திரையை எட்டிப் பார்க்க முன்பு ஒரு வழி கிடைத்தது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்போடு அதையும் எடுத்துவிட்டார்கள்.

இதைவிடக் கெட்டது ஒன்று. 'பேப்பர் இல்லை, ஓகே அழுத்தவும்' என்ற பெட்டி 0இல் திறந்தால் அழுத்த ஆளில்லை. சர்வீஸ் ஓடுவதாகவே காட்டும், லாரி வரிசை நீளும். கிளம்பும்போதே அப்படி நின்றால் வழக்கமாக 30 விநாடியில் 1053 பிழை, அதாவது சர்வீஸ் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று.

நிரல் உங்கள் கையில் இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள். எடைமேடை மாதிரிக் கருவி இணையும் காம் போர்ட்டைப் படித்து டேட்டாபேஸில் எழுதுவது சர்வீஸ். திரை தனி நிரல். லாகின் ஆனதும் திறந்து, நேம்டு பைப் (இரு நிரல்கள் தகவல் மாற்றிக்கொள்ள விண்டோஸ் தரும் வழி) வழியாகச் சர்வீஸோடு பேசட்டும்.

வாங்கின மென்பொருள் என்றால் சர்வீஸை நீக்கிவிட்டு குறித்த வேளையில் நிரலைத் தானாகக் கிளப்பும் டாஸ்க் ஷெட்யூலரில் 'அட் லாக் ஆன்' (லாகின் ஆனதும்) போடுங்கள். 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்டு ஆன்' என்பதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். லாகின் இல்லாவிட்டாலும் ஓடட்டும் என்கிற அடுத்த வரியைத் தொட்டால் மறுபடியும் 0. 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 3 நாளில் நிறுத்தும் டிக்கை எடுங்கள், இல்லையென்றால் நாலாம் நாள் போன் அடிப்பீர்கள். லேப்டாப்பானால் 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் பேட்டரி டிக்குகளையும் எடுத்தாக வேண்டும்; கரண்ட் போன நொடியே நிரலை நிறுத்துவது அதுதான்.

ஆளில்லாமலே திரை வர வேண்டுமா? பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பு) கரண்ட் வந்ததும் ஆன் ஆகும்படி வைத்து, உரிமை குறைந்த ஒரு கணக்குக்கு ஆட்டோ லாகின் கொடுங்கள். தயவுசெய்து அட்மின் கணக்கை அதற்குக் கொடுக்காதீங்க.